பக்கத்து மனையில் பள்ளம் தோண்டும்போது

எங்கள் மண்டிக்குப் பின்புறம்தான் வீடு. சென்ற ஆண்டு பக்கத்து மனைக்காரர் மாடிக் கட்டடம் எழுப்ப, எங்கள் சுவரை ஒட்டியே ஆளுயரப் பள்ளம் எடுத்தார். பத்தே நாளில் சமையலறைச் சுவரில் விரல் நுழையும் விரிசல். இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்று தைரியமாக இருந்தோம். வந்த சர்வேயர் பாலிசியில் ஒரு வரியைக் காட்டினார். நிலம் தானாக உள்வாங்கினால் இழப்பீடு உண்டு. கட்டட வேலையாலோ மண் தோண்டியதாலோ என்றால் கிடையாது. 2021 ஏப்ரலில் வந்த பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியிலும் இந்த விலக்கு இருக்கிறது. சரக்கை மூட்டை மூட்டையாகக் குத்திப் பார்த்து வாங்கும் நாம், பாலிசியை மட்டும் பிரிக்காமல் பீரோவில் வைக்கிறோம்!

ஆக, பக்கத்துக்காரரிடம்தான் கேட்க வேண்டியதாயிற்று. 1882-ஆம் ஆண்டு ஈஸ்மெண்ட் சட்டப்படி, பக்கத்து நிலத்தின் தாங்குதல் 20 ஆண்டு தடையின்றிக் கிடைத்து வந்த கட்டடத்துக்கு அது உரிமையாகிறது. எங்கள் வீடு 1968-இல் கட்டியது. ஆனால், "விரிசல் பழையதுதான்" என்றார் காண்டிராக்டர். மறுக்க எங்களிடம் ஒரு போட்டோகூட இல்லை. பாதிச் செலவோடு சமாதானமானோம்.

உங்கள் பக்கத்து மனையில் ஜேசிபி வந்து நின்றால், அன்றே சுவர்களைத் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். காண்டிராக்டர் 'ஆல் ரிஸ்க்' பாலிசி எடுத்திருக்கிறாரா, அதில் அக்கம்பக்கத்தார் சொத்துக்கும், அதிர்வால் வரும் சேதத்துக்கும் சேர்த்துப் பிரீமியம் கட்டியிருக்கிறாரா என்று கேட்டு, நகல் வாங்கிக்கொள்ளுங்கள்.