கைப்பிடியைச் சுத்தினா கொத்தும் அட்டைக் கோழி: உள்ளே என்ன நடக்கிறது?

லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் ஒரு மரப்புலி இருக்கிறது. கீழே விழுந்து கிடக்கும் ஐரோப்பியர் ஒருவரின் கழுத்தைக் கவ்வியபடி நிற்கும் திப்பு சுல்தானின் புலி. 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது ஆங்கிலேயர்கள் அள்ளிக்கொண்டு போனது. பக்கவாட்டில் உள்ள கைப்பிடியைச் சுற்றினால் அந்த மனிதரின் கை மேலும் கீழும் ஆடும், அலறல் கேட்கும், புலி உறுமும். கிழக்கிந்திய கம்பெனியின் லண்டன் தலைமையகத்தில் அது இருந்தபோது, பார்க்க வந்தவர்கள் எல்லாம் சுற்றிச் சுற்றி விளையாட, அங்கே நூலகத்தில் படிக்க வந்தவர்கள் நொந்துபோனார்கள்.

பேட்டரி கிடையாது, மோட்டார் கிடையாது. ஒரு கைப்பிடியின் சுழற்சிதான் எல்லாவற்றையும் அசைக்கிறது. புலி அளவுக்கு இல்லாவிட்டாலும், ஆன்லைன் ஆர்டரில் வந்த அட்டைப்பெட்டியை வைத்து ஒரு கோழியைக் கொத்த வைக்கலாம்.

சுழல்வது எப்படிக் கொத்தலாக மாறுகிறது?

கை வட்டமாகச் சுற்றுகிறது. கோழியின் தலையோ மேலே போய்க் கீழே வர வேண்டும். இந்த மாற்றத்தைச் செய்யும் துண்டுக்குப் பெயர் கேம். (மொபைலில் ஆடும் ‘கேம்’ இல்லை, இது வேற.) எளிமையான கேம் என்பது நடுவில் துளை போடாமல், கொஞ்சம் தள்ளித் துளை போட்ட வட்டம்தான். 6 செ.மீ. விட்டமுள்ள வட்டத்தில் மையத்திலிருந்து 1 செ.மீ. தள்ளித் துளையிட்டால், சுழலும்போது அதன் விளிம்பு அச்சிலிருந்து ஒரு நேரம் 4 செ.மீ. தூரத்திலும், இன்னொரு நேரம் 2 செ.மீ. தூரத்திலும் இருக்கும். அதன் மேல் ஒரு குச்சியை நிறுத்தினால், ஒரு சுற்றுக்கு 2 செ.மீ. ஏறி இறங்கும். தள்ளிய தூரத்தைப் போல இரு மடங்கு, கணக்கு அவ்வளவுதான்.

கார் இன்ஜினில் வால்வுகளைத் திறப்பதும் இதே கேம்தான். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்றும்.

ஆனால் வட்டக் கேமில் கோழி கொத்தாது, சும்மா தலையாட்டும். கொத்து என்றால் தலை மெதுவாக எழுந்து சட்டென்று விழ வேண்டும். அதற்கு நத்தை ஓட்டு வடிவத்தில் கேம் வெட்ட வேண்டும். ஆரம் 2 செ.மீ.-ல் தொடங்கி, சுற்றி வரும்போது கொஞ்சம் கொஞ்சமாக 4 செ.மீ. வரை வளர்ந்து, அங்கிருந்து ஒரே வெட்டாக மீண்டும் 2-க்கு இறங்கும். அந்தப் படி வரும்போது குச்சி தொப்பென்று விழும். கோழி ‘டக்’ என்று கொத்தும். ஒரு சுற்றுக்கு இரண்டு கொத்து வேண்டுமா? இரண்டு படி வைத்து வெட்டினால் போதும்.

என்னென்ன வேண்டும்?

சுமார் 12 செ.மீ. அகல, உயரமுள்ள கெட்டியான பெட்டி. முன்பக்கத்தை வெட்டித் திறந்துவிட வேண்டும். அச்சுக்கு ஒரு புதுப் பென்சில். வட்டக் குச்சியில் கேம் வழுக்கிச் சுற்றிக்கொண்டே இருக்கும். கைப்பிடி சுற்றும், கோழி அசையாது. ஆறு பக்கமுள்ள பென்சில் அப்படி வழுக்காது. கேமின் துளையையும் ஆறு பக்கமாக, இறுக்கமாக வெட்டினால் பாதிப் பிரச்சினை முடிந்தது. பெட்டியின் இரு பக்கச் சுவர்களிலும் அடியிலிருந்து 5 செ.மீ. உயரத்தில் நேருக்கு நேர் துளையிட்டுப் பென்சிலை நுழைக்கலாம். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனையில் 5 செ.மீ. நீள அட்டைக் கை, அதன் நுனியில் ஒரு பேனா மூடி. கைப்பிடி ரெடி.

கேமை ஒற்றை அட்டையில் வெட்டினால் நசுங்கிவிடும். மூன்று அடுக்கு ஒட்ட வேண்டும். நடு அடுக்கின் வரிகள் மட்டும் குறுக்கே போக வேண்டும். விளிம்பில் தெரியும் அலையலையான ஓட்டைகள் மேல் ஒரு காகிதப் பட்டையை ஒட்டி, மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிட்டால் வழவழவென்று ஓடும். பசை காய ஒரு ராத்திரி விடுங்கள். அவசரப்பட்டால் கேம் பிரிந்து வந்துவிடும்.

ஏறி இறங்க ஒரு மூங்கில் குச்சி. அதன் அடிமுனையில் குளிர்பான பாட்டில் மூடியை ஒட்டினால் அது கேம் மேல் உட்கார்ந்துகொள்ளும். குச்சி சாயாமல் இருக்கப் பெட்டியின் மேல்பக்கத்தில், அச்சுக்கு நேர் மேலே ஒரு குழாய் தேவை. பல வீடியோக்களில் பிளாஸ்டிக் ஸ்ட்ரா சொல்வார்கள். இந்தியாவில் 2022 ஜூலை 1 முதல் அதற்குத் தடை. தீர்ந்துபோன பால்பாயின்ட் பேனாவின் வெளிக்குழாய் இன்னும் உறுதியானது. 3 செ.மீ.-க்குக் குறையாமல் வெட்டுங்கள். குட்டையாக இருந்தால் குச்சி சாய்ந்து சிக்கிக்கொள்ளும்.

கோழி, கடைசியாக

இரண்டு அட்டைத் தூண்களுக்கு நடுவே, உடம்பின் நடுப்பகுதியில் பல்குச்சி குத்திக் கோழியை ஊஞ்சல் போல மாட்ட வேண்டும். குச்சியின் மேல்முனை அதன் நெஞ்சுக்கு அடியில், பல்குச்சியிலிருந்து 3 செ.மீ. முன்னால் தொட வேண்டும். அலகு 6 செ.மீ. தள்ளி இருந்தால், குச்சி 2 செ.மீ. ஏறும்போது அலகு 4 செ.மீ. அளவுக்கு மேலே போகும். சீ-சாவில் ஓரத்தில் உட்கார்ந்தவர் அதிகம் ஏறுவது போலத்தான்.

இங்கேதான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். தலை மேலே போகிறது, கீழே வரவே மாட்டேன் என்கிறது. காரணம், கேம் தள்ள மட்டும்தான் செய்யும், இழுக்காது. கீழே கொண்டுவருவது எடை. அட்டைக் கோழிக்கு அந்த எடை இல்லை. தலைக்குப் பின்னால் ஒரு ஐந்து ரூபாய்க் காசை ஒட்டிப் பாருங்கள், சடாரென்று விழும்.

பள்ளி ப்ராஜெக்ட் என்றால் ராத்திரி பதினொரு மணிக்கு அப்பாவோ அம்மாவோ செய்து, காலையில் பிள்ளை தூக்கிக்கொண்டு போவதுதான் நம் வழக்கம். கிட் வாங்கினால் கேம் வெட்டியே வருகிறது, மாட்டினால் போதும். இரண்டிலும் பிள்ளைக்குக் கிடைக்காமல் போவது, கோணலாக வெட்டிய கேம் கோழியை என்ன பாடுபடுத்துகிறது என்று பார்க்கும் அந்த ஐந்து நிமிடம்தான். ஐ.ஐ.டி. கான்பூரில் படித்து, 2018-ல் பத்மஸ்ரீ பெற்ற அரவிந்த் குப்தா குப்பையிலிருந்து பொம்மை செய்வதையே வாழ்நாள் வேலையாகச் செய்துவருகிறார். அவருடைய புத்தகங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. கெட்டி அட்டையில் கத்தி போடும் வேலையை மட்டும் பெரியவர்கள் எடுத்துக்கொண்டு, கேமின் வடிவத்தைப் பிள்ளையே வரையட்டும்.

ஒரு எச்சரிக்கை: நத்தைக் கேம் ஒரு பக்கம்தான் சுற்றும். எதிர்ப்பக்கம் சுற்றினால் அந்தப் படி மூடியில் முட்டி நிற்கும். பலமாகத் திருகினால் குச்சி முறியும். கைப்பிடிக்குப் பக்கத்தில் ஸ்கெட்ச் பேனாவில் ஒரு அம்புக்குறி போட்டுவிடுங்கள். இரண்டு பக்கமும் சுற்ற வேண்டும் என்று பிள்ளை அடம்பிடித்தால், வட்டக் கேமுக்கு மாறிக்கொள்ளலாம். கோழி கொத்தாது, தலையாட்டும்.