இருதய நாடி அடைப்பு: வீதக் கணக்கும் அமுக்கக் கணக்கும்

திருகோணமலை நகரிலும் கிண்ணியா, மூதூர், தம்பலகாமம் பகுதிகளிலும் இருதய நோய்க்காகக் கொழும்புக்கோ கண்டிக்கோ சென்று திரும்புவோரின் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்றுண்டு. "எழுபது வீத அடைப்பாம்" என்பதே அது. அந்த எண்ணைக் கேட்டதும் குடும்பமே நிலைகுலைந்து போகின்றது. தோணியை விற்பதா, வயலை ஈடு வைப்பதா, மகளின் நகையை அடைவு வைப்பதா என்ற ஆலோசனை அன்றிரவே ஆரம்பமாகி விடுகின்றது. ஆனால் அந்த எண் எதனை அளக்கின்றது, எதனை அளக்கவில்லை என்பதை நம்மிற் பெரும்பாலானோர் அறிந்திருப்பதில்லை.

அஞ்சியோகிராம் என்பது ஒரு நிழற்படம். மணிக்கட்டின் அல்லது தொடையின் நாடி வழியாக மெல்லிய குழாயொன்றைச் செலுத்தி, இருதயத்திற்குக் குருதி வழங்கும் முடியுரு நாடிகளில் சாயத்தைப் பாய்ச்சி எக்ஸ்ரே மூலம் படம் பிடிக்கின்றனர். நாடி எங்கு ஒடுங்கியிருக்கின்றது என்பதை அது நன்றாகக் காட்டும். அவ்வொடுக்கத்தினால் இருதயத் தசைக்குச் சேர வேண்டிய குருதி உண்மையில் குறைகின்றதா என்பதை அது திட்டவட்டமாகச் சொல்லாது. எழுபது வீதம் என்பது பல சந்தர்ப்பங்களில் கண்ணால் பார்த்து மதிப்பிடும் அளவேயாகும். ஒரே படத்தை இரு வைத்தியர்கள் இரு விதமாக மதிப்பிடுவதும் உண்டு.

கந்தளாய்க் குளத்து நீரில் வேளாண்மை செய்வோருக்கு இதனை விளக்குவது எளிது. இரண்டு வாய்க்கால்களில் ஒரே அளவு மண் சரிந்து கிடப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்று இரண்டு ஏக்கருக்கு நீர் கொடுப்பது, மற்றது இருநூறு ஏக்கருக்கு. அடைப்பு ஒன்றே, பாதிப்பு ஒன்றல்ல. அத்துடன் வயல்களுக்கு அதிகம் தேவைப்படாத நாளில் அடைப்பின் கெடுதி தெரிவதில்லை. எல்லா வயல்களும் ஒரே நேரத்தில் நீர் கேட்கும்போதுதான் தெரியும். வாய்க்காலின் பழுதை அறிய விரும்பும் விவசாயி மண்ணின் உயரத்தை மட்டும் பார்ப்பதில்லை. அடைப்புக்கு முன்னும் பின்னும் நீர்மட்டம் எவ்வளவு என்றும் பார்க்கின்றான்.

இருதய வைத்தியர்களும் இதனையே செய்கின்றனர். நுனியருகே அமுக்கத்தை உணரும் கருவி பொருத்திய, ஒரு மில்லிமீற்றரில் மூன்றிலொரு பங்களவே தடிப்புள்ள கம்பியொன்று அடைப்பைக் கடந்து செலுத்தப்படுகின்றது. அடினோசின் என்னும் மருந்தைக் கொடுத்துக் குருதி ஓட்டத்தை உச்ச நிலைக்குக் கொண்டுவந்து, அடைப்புக்கு அப்பாலுள்ள அமுக்கத்தைப் பெருநாடியின் அமுக்கத்தால் பிரிக்கின்றனர். பெருநாடியில் 100 ஆகவும் அப்பால் 75 ஆகவும் இருந்தால் பெறுமானம் 0.75. அடைப்பற்ற நாடியில் அது 1 ஆகும். இதனை எஃப்.எஃப்.ஆர். என்று அழைக்கின்றனர். 0.80 அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் அவ்வடைப்பு குருதியோட்டத்தைப் பாதிப்பதாகக் கொள்ளப்படுகின்றது.

இச்சிந்தனை புதியதன்று. 1977ஆம் ஆண்டு சூரிச் நகரில் முதன்முதலாகப் பலூன் மூலம் முடியுரு நாடியை விரித்த அன்ட்ரியாஸ் குருன்ட்சிக், அடைப்பின் இருபுறமும் அமுக்கத்தை அளந்தே தமது வேலையைச் சரிபார்த்தார். அக்காலக் குழாய் தடித்திருந்தமையால் அதுவே ஓட்டத்தைத் தடுத்தது. 1990களில் நெதர்லாந்தின் நிக்கோ பைல்ஸ், பெல்ஜியத்தின் பேர்னாட் டி புரூய்ன் ஆகியோர் மெல்லிய கம்பியைக் கொண்டு இம்முறையை நிலைநிறுத்தினர்.

2009இல் வெளியான 'ஃபேம்' ஆய்வு, ஒன்றுக்கு மேற்பட்ட நாடிகளில் அடைப்புள்ள 1005 நோயாளரை இரு பிரிவாக்கியது. படத்தை மட்டும் பார்த்து ஸ்டென்ட் வைத்த பிரிவில் ஒருவருக்குச் சராசரியாக 2.7 ஸ்டென்ட்களும், அமுக்கம் அளந்து வைத்த பிரிவில் 1.9 ஸ்டென்ட்களும் பொருத்தப்பட்டன. ஓராண்டுக்குள் மரணம், மாரடைப்பு அல்லது மீண்டும் சிகிச்சை என்ற நிலை முதற் பிரிவில் 18.3 வீதத்தினருக்கும் இரண்டாவதில் 13.2 வீதத்தினருக்கும் ஏற்பட்டது. குறைவாக வைத்தோர் கூடுதலாக நலம் பெற்றனர். அதே ஆய்வில் 50 முதல் 70 வீதம் என மதிப்பிடப்பட்ட அடைப்புகளை அளந்தபோது, ஏறத்தாழ மூன்றிலொன்றே உண்மையில் ஓட்டத்தைப் பாதிப்பனவாக இருந்தன. 90 வீதத்திற்கு மேற்பட்டவற்றில் அநேகமாக எல்லாமே பாதிப்பனவே. ஆகவே ஐயம் இருப்பது நடுவிலுள்ள அடைப்புகளிற்றான்.

2017இல் வெளியான இரு பெரிய ஆய்வுகளின் பின்னர், அடினோசின் இன்றியே அளக்கும் ஐ.எஃப்.ஆர். முறையும் பரவியது. அதன் எல்லைப் பெறுமானம் 0.89. கம்பியே இன்றிப் படத்திலிருந்து கணினி மூலம் கணிக்கும் முறைகளும் வந்துள்ளன. எனினும் அவை கம்பிக்கு முற்றாக ஈடாகும் என்று கூறும் காலம் இன்னும் வரவில்லை.

தேவையற்ற ஸ்டென்ட் ஒன்றினால் பணம் மட்டும் வீணாவதில்லை. அதன் பின்னர் குருதி உறையாதிருக்க இருவகை மாத்திரைகளை மாதக்கணக்கில் தவறாது உட்கொள்ள வேண்டும். அவற்றை இடையில் நிறுத்துவது உயிராபத்தாகலாம். நோன்பு காலத்தில் மாத்திரை நேரத்தை மாற்ற விரும்புவோர் வைத்தியரைக் கேட்ட பின்னரே மாற்ற வேண்டும்.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். மாரடைப்பு ஏற்பட்டுக்கொண்டிருக்கும் வேளையில், அதற்குக் காரணமான நாடியில் அமுக்கத்தை அளந்துகொண்டு காத்திருப்பதற்கு இடமில்லை. நெஞ்சை அழுத்தும் வலி, வியர்வை, மூச்சிரைப்பு என்பன திடீரெனத் தோன்றினால் 1990 அம்புலன்சை அழைத்து அருகிலுள்ள வைத்தியசாலைக்குச் செல்வதே முதல் வேலை. நாம் பேசுவது, ஆறுதலாக முடிவெடுக்க அவகாசமுள்ள நோயாளரைப் பற்றியதாகும்.

அத்தகையோருக்கு இவ்வளவீட்டின் பயன் நமது மாவட்டத்தில் இரட்டிப்பாகின்றது. கொழும்பு நம்மிடமிருந்து 250 கிலோமீற்றருக்கு மேல். ஓர் அஞ்சியோகிராமுக்கு ஒரு பயணம், பின்னர் ஆலோசனைக்கு இன்னொன்று என்று அலைவோருக்கு, அதே மேசையில் அதே குழாய் வழியாகச் சில நிமிடங்களில் விடை கிடைப்பது சிறிய விடயமன்று. கம்பி ஒரு தடவை மட்டுமே பாவிக்கத்தக்கது, விலையும் கூடியது என்பது மெய்யே. ஆயினும் ஃபேம் ஆய்வின் செலவுக் கணக்கில், குறைந்த ஸ்டென்ட்களால் மிச்சமான தொகை கம்பியின் விலையைக் கடந்து நின்றது. 2022இல் மருந்துத் தட்டுப்பாட்டினால் சத்திரசிகிச்சைகள் ஒத்திவைக்கப்பட்டதைக் கண்ட நாடு இது. அரச வைத்தியசாலைகளுக்கான கொள்வனவில் ஸ்டென்ட்டின் எண்ணிக்கையுடன் இக்கம்பியின் எண்ணிக்கையும் சேர்த்துத் திட்டமிடப்பட வேண்டும் என்பது நமது கருத்து.

நோயாளர் செய்யக்கூடியது கேள்வி கேட்பது. அடைப்பு நடுத்தரமானது என்று கூறப்படின், "அமுக்கம் அளந்து பார்க்க முடியுமா, அளந்திருந்தால் பெறுமானம் என்ன?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவுமில்லை. ஆஸ்துமா உள்ளவர்கள் அதனை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அடினோசின் அவர்களுக்கு ஒத்துவராதிருக்கலாம். மருந்து ஏறும் சில நிமிடங்களுக்கு நெஞ்சு இறுகுவது போலிருப்பது வழமை, விரைவில் மாறிவிடும். அறிக்கையின் பிரதியையும் படம் பதிந்த இறுவட்டையும் கேட்டுப் பெற்று கிளினிக் கொப்பியுடன் வைத்திருந்தால், ஊரில் அடுத்த முறை பார்க்கும் வைத்தியர் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க நேராது.