கடலும் காடும் கூடும் வழி

நுழையும்முன்

நடந்து சென்று நிலத்தை அறிவது தமிழர்க்குப் புதிதன்று. பாணரும் புலவரும் வணிகரும் நடந்தே நாட்டை அறிந்தனர். இன்றைய இளைஞரிடமும் நடைப்பயண ஆர்வம் பெருகியுள்ளது. அத்தகைய பயணத்தை எவ்வாறு திட்டமிடுவது என்பதைக் கோடியக்கரையைச் சான்றாகக் கொண்டு இப்பாடம் விளக்குகிறது.

இடத்தை அறிதல்

பயணத் திட்டத்தின் முதற்படி செல்லும் இடத்தை அறிவதாகும். ‘கோடி’ என்னும் சொல்லுக்கு முனை, கடைசி எனப் பொருளுண்டு. நாகப்பட்டினம் மாவட்டத்தில் வேதாரண்யத்திற்குத் தெற்கே நிலம் முடிந்து கடல் தொடங்கும் முனையே கோடியக்கரை. வங்காள விரிகுடாவும் பாக் நீரிணையும் இங்குக் கூடுகின்றன. நெய்தலும் முல்லையும் அடுத்தடுத்து அமைந்த அரிய நிலப்பகுதி இது. ஒருபுறம் உலக்கைப்பாலை முதலிய மரங்கள் செறிந்த உலர் பசுமைமாறாக் காடு, மறுபுறம் புல்வெளி, அதனையடுத்துச் சதுப்பும் உப்பளமும் மணற்கரையும்.

இப்பகுதி 1967ஆம் ஆண்டு வனவிலங்கு உய்விடமாக அறிவிக்கப்பட்டது. 2002இல் பன்னாட்டு முதன்மை வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. வெளிமான், புள்ளிமான், நரி, காட்டியல்பு அடைந்த குதிரை ஆகியன இங்கு வாழ்கின்றன. குளிர்காலத்தில் பூநாரையும் உள்ளானும் ஆலாவும் திரளாக வந்து சேர்கின்றன.

காலத்தைத் தேர்தல்

எங்குச் செல்வது என்பதை முடிவுசெய்தல் எளிது. எப்போது செல்வது என்பதே அரிய வினா. அக்டோபர் முதல் சனவரி வரை கோடியக்கரையில் பறவைகள் மிகுதி. ஆதலால் பயணிகள் விரும்பும் காலமும் அதுவே. ஆனால், வடகிழக்குப் பருவமழையும் வங்கக்கடற் புயலும் வருவது அதே காலத்தில்தான். 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் ‘கஜா’ புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரையைக் கடந்தது. காட்டின் மரங்கள் பெருமளவில் முறிந்தன, விலங்குகளும் மாண்டன. அழகைத் தரும் பருவமே அழிவையும் தரக்கூடும் என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது.

எனவே, பயணத்திற்கு ஒரு நாளை மட்டும் குறித்தல் போதாது. மாற்றுநாள் ஒன்றையும் குறித்தல் வேண்டும். புறப்படுவதற்கு முந்தைய நாள்களில் வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பைக் கேட்டறிதல் இன்றியமையாதது. துறைமுகங்களில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டிருப்பின் பயணத்தைத் தள்ளிவைப்பதே அறிவுடைமை. முன்பணம் கட்டிவிட்டோம், நண்பர்கள் காத்திருக்கின்றனர் என்னும் காரணங்கள் கடலுக்கும் காற்றுக்கும் தெரியா.

இசைவு பெறுதல்

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இன்படி, உய்விடத்திற்குள் நுழைய வனத்துறையின் இசைவு தேவை. இதனை வெறும் சடங்காகக் கருதுதல் கூடாது. இசைவு பெறும்போது யார், எத்தனைபேர், எவ்வழியில் உள்ளே செல்கின்றனர் என்பது துறையினருக்குத் தெரியவருகிறது. இடர் நேர்ந்தால் தேடுவதற்கு உதவுவது அக்குறிப்பே.

2018 மார்ச்சுத் திங்களில் தேனி மாவட்டக் குரங்கணி மலையில் ஏற்பட்ட காட்டுத்தீயில் மலையேற்றத்திற்குச் சென்றவர்களுள் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அத்துயரத்திற்குப் பின்னர், மலையேற்றத்தை நெறிப்படுத்தும் விதிகளை அதே ஆண்டில் தமிழக அரசு வகுத்தது. ஒவ்வொரு விதியின் பின்னாலும் சில உயிர்களின் விலை இருப்பதை நடப்பவர் மறத்தலாகாது.

தொலைவையும் நடையையும் கணக்கிடல்

இம்மண்ணிலேயே நடைப்பயணத்திற்குச் சிறந்த முன்மாதிரி ஒன்று உண்டு. 1930ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் இராஜாஜியின் தலைமையில் ஏறத்தாழ நூறு தொண்டர்கள் திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரண்யம் நோக்கி நடந்தனர். சுமார் 240 கிலோமீட்டர் தொலைவைக் கடந்து ஏப்ரல் 28இல் வேதாரண்யத்தை அடைந்தனர். நாளொன்றுக்குச் சராசரியாக 16 கிலோமீட்டர் என்பது அவர்தம் நடை. கோடை வெயிலில் அனைவரும் சேர்ந்து சென்றடைய வேண்டுமெனில் அளவறிந்த நடையே ஏற்றது. வேதாரண்யத்தை அடுத்த அகத்தியம்பள்ளியிலுள்ள நினைவுத்தூண் அப்போராட்டத்தை இன்றும் நினைவூட்டுகிறது.

குழுவில் மெதுவாக நடப்பவர் எவரோ, அவருடைய வேகமே குழுவின் வேகம். தார்ச்சாலையில் மணிக்கு நான்கு கிலோமீட்டர் நடப்பவரும் கடற்கரை மணலில் அவ்வாறு நடத்தல் இயலாது. ஆகவே, மணலும் சேறும் உள்ள பகுதிகளுக்குக் கூடுதல் நேரம் ஒதுக்க வேண்டும். கதிரவன் மறைவதற்கு ஒரு மணிநேரம் முன்னதாகவே காட்டைவிட்டு வெளியேறும் வகையில், திரும்பும் நேரத்தை முதலில் குறித்துக்கொண்டு, அதிலிருந்து புறப்படும் நேரத்தைப் பின்னோக்கிக் கணக்கிடுதல் நன்று.

எடுத்துச் செல்வனவும் விட்டுச் செல்லாதனவும்

கோடியக்கரை உவர்நிலம், வழியில் நன்னீர் கிடைக்குமென நம்பிச் செல்லுதல் கூடாது. குடிநீர், எளிய உணவு, தலையை மூடும் துணி, முதலுதவிப் பை, கைவிளக்கு, விசில் ஆகியவை போதும். சதுப்பின் மேற்பரப்பு காய்ந்து தோன்றினும் உள்ளே சேறு இளகியிருக்கும். உள்ளூர் வழிகாட்டியின்றி அதில் கால்வைத்தல் தீங்கு தரும். அருகிலுள்ள கோடியக்காட்டுக் குழகர் கோயிலைப் பாடிய சுந்தரர், கடற்கரையில் துணையின்றித் தனித்திருப்பது ஏன் என இறைவனையே வினவினார். தனித்துச் செல்லாமை இங்கு நடப்போர்க்கு இன்றும் பொருந்தும் நெறி.

விலங்குகளுக்கு உணவளித்தலும் பறவைகளை எழுப்பிப் படம்பிடித்தலும் தவிர்க்கத்தக்கன. நெடுந்தொலைவு பறந்து வந்த பறவைக்கு ஓய்வும் இரையுமே உயிர். ஒவ்வொரு முறை அஞ்சி எழும்போதும் அது தன் ஆற்றலை இழக்கிறது. கொண்டுசென்ற நெகிழிப் பையும் குப்பியும் நம்மோடே திரும்ப வேண்டும்.

முடிவாக

திட்டமிடுதல் பயணத்தின் இன்பத்தைக் குறைப்பதில்லை. அச்சமின்றிக் கண்டு மகிழும் மனநிலையைத் தருகிறது. சென்ற அனைவரும் நலமாகத் திரும்புவதும், சென்ற இடம் முன்பிருந்தவாறே இருப்பதுமே நடைப்பயணத்தின் வெற்றி. அடுத்த பருவத்தில் வரும் பறவைக்கும், அதனைக் காணவரும் மற்றொருவர்க்கும் அக்கரை உரியது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் மாவட்டத்தில் உள்ள காடு, மலை, கடற்கரை ஆகியவற்றுள் ஒன்றிற்கு ஒருநாள் நடைப்பயணத் திட்டம் வரைக. மாற்றுநாளையும் திரும்பும் நேரத்தையும் அதில் குறிப்பிடுக.

2. ‘காட்டுக்குள் நுழைய இசைவு தேவையா?’ என்னும் தலைப்பில் வகுப்பில் கலந்துரையாடுக.