ஆட்டுப் பட்டியும் செயற்கை முறைச் சினைப்படுத்தலும்

எமது கல்லூரியின் விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என மலர்க்குழுவினர் கேட்டபோது, சமயமும் இலக்கியமும் பற்றி எழுதுதற்கு எம்மினும் வல்லார் பலர் உளர் என்பதை நினைந்தோம். ஆதலின் யாம் நாளும் பழகிய ஆட்டுப் பட்டியையே பொருளாகக் கொண்டோம்.

புத்தளக் கடலோரத்திற் பிறந்தார் எவர்க்கும் ஆடு புதியதன்று. வடகீழ்ப் பருவமழை ஓய்ந்தபின் மாதக்கணக்கில் வறளும் இந்நிலத்தில், மாட்டுக்குப் போதாத பற்றையிலும் புதரிலும் ஆடு வயிறு வளர்க்கும். கடல் கலங்கி வலை வெறுமையாய் வரும் நாட்களில், கிடாய் ஒன்றை விற்றுப் பிள்ளையின் பள்ளிச் செலவைத் தீர்த்த குடும்பங்கள் இக்கரையிற் பல. இங்கே ஆட்டின் நலிவு வீட்டின் நலிவே.

எம் பட்டியில் நிகழ்ந்தது

முதற்கண் எமது பிழையைச் சொல்லிவிடுகின்றோம். முந்தலுக்கு அருகே எம் வீட்டுப் பட்டியில் அழகிய கிடாய் ஒன்று நின்றது. அதன் தோற்றத்தில் மயங்கி ஆறு ஆண்டுகள் அதனை விற்காது வைத்திருந்தோம். முதலிற் பிறந்த குட்டிகள் கொழுகொழுவென வளர்ந்தன. பின்னர் அக்கிடாயின் மக்களே அதனிடம் சினைப்பட்டன. அவற்றின் மக்களும் அவ்வாறே. குட்டிகள் சிறுத்தன, சில பிறந்த கிழமையே மடிந்தன, சில மறிகள் சினைப்படவே இல்லை. கண்ணூறு என்றோம், பட்டி வாயிலில் வேப்பிலை கட்டினோம். குறை கண்ணூற்றில் இல்லை, எம் கணக்கின்மையில் இருந்தது என்பதைப் பின்னரே உணர்ந்தோம்.

தந்தைக்கும் மகளுக்கும் பிறக்கும் குட்டியின் உட்கலப்பு அளவு 25 விழுக்காடு என்றும், ஒரே தந்தைக்குப் பிறந்து தாய் வேறான உடன்பிறப்புகள் கூடிப் பிறக்கும் குட்டிக்கு அது 12.5 விழுக்காடு என்றும் மரபியலார் கணித்துள்ளனர். ஒவ்வோர் உயிரிலும் மறைந்து கிடக்கும் குறைகள், இருபுறத்தும் ஒரே வழியாக வந்து சேரும்போது வெளிப்படுகின்றன. புதுக் கிடாய் கொணர்வதே இதற்கு மருந்து. ஆயினும் ஐந்து மறிகள் உடைய ஏழை வீட்டார், நல்லினக் கிடாய் ஒன்றை விலைகொடுத்து வாங்கி, ஆண்டு முழுதும் அதற்குத் தீனி இடுதல் எங்ஙனம்? இவ்விடத்தே செயற்கை முறைச் சினைப்படுத்தல் துணையாக வருகின்றது.

முறையின் வரலாறு

இத்தாலிய அறிஞர் ஸ்பலன்சானி 1780ஆம் ஆண்டிற் பெண் நாயொன்றுக்கு விந்தைச் செயற்கையாகச் செலுத்தினார். 62 நாட்களின்பின் அது மூன்று குட்டிகளை ஈன்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருசியாவில் இவனொவ் என்பார் இதனைப் பண்ணை விலங்குகட்குப் பயன்படுத்தும் முறையை வளர்த்தார். 1930களில் அந்நாட்டில் இலட்சக்கணக்கான செம்மறிகள் இவ்வாறு சினைப்படுத்தப்பட்டன. 1949இல் இங்கிலாந்தில் போல்ஜும் அவர்தம் தோழரும், கிளிசரோல் கலந்து உறையவைத்த விந்தணுக்கள் மீள உருகியபின்னும் இயங்குவதைக் கண்டனர். அதனால், −196 பாகை செல்சியசில் உள்ள திரவ நைதரசனில் விந்தை ஆண்டுக்கணக்கில் வைத்தல் இயலுவதாயிற்று. எமது நாட்டில் மாடுகட்கு இத்தொண்டினைச் செய்யும் மத்திய நிலையம் கண்டிக்கு அண்மையிலுள்ள குண்டசாலையில் அமைந்தது.

செய்யும் விதம்

இளஞ்சூட்டு நீர் நிரப்பிய இரப்பர்க் குழாயினாலான செயற்கை யோனியிற் கிடாயின் விந்து பெறப்படும். ஒரு முறையிற் கிடைப்பது ஏறக்குறைய ஒரு மில்லிலீற்றரே. எனினும் அதில் இருநூறு கோடிக்கு மேற்பட்ட விந்தணுக்கள் இருத்தல் கூடும். அவற்றின் இயக்கத்தை நுணுக்குக்காட்டியிற் கண்டபின், ஏற்ற கரைசலில் ஐதாக்கினால், ஒரு முறை பெற்றது பத்துக்கு மேற்பட்ட மறிகட்குப் போதும்.

மாட்டு விந்துக்கு முட்டை மஞ்சட்கரு கலந்த கரைசல் ஏற்றது. வெள்ளாட்டில் அதிலும் ஓர் இடர் உண்டு. வெள்ளாட்டுக் கிடாயின் சுரப்பியொன்றிலிருந்து வரும் நொதியம் மஞ்சட்கருவைத் திரளச்செய்து விந்தணுக்களைக் கெடுத்துவிடும். ஆதலின் விந்தைக் கழுவியோ, மஞ்சட்கருவைக் குறைத்தோ, கொழுப்பு நீக்கிய பாலைக் கொண்டோ கரைசல் அமைப்பர்.

செம்மறியில் இடர் வேறு. அதன் கருப்பைக் கழுத்து ஒன்றன்பின் ஒன்றாக மடிப்புகள் கொண்டு திருகியிருத்தலின், செலுத்து குழாய் உட்செல்லாது வாயிலிலேயே நின்றுவிடும். புதிய விந்தாயின் அங்கு இட்டாலும் பயன் தரும். உறைந்த விந்தாயின் சினைப்படுபவை மிகச் சிலவே. இதனால் 1980களில் அவுத்திரேலியாவில், வயிற்றிற் சிறு துளையிட்டு நோக்குகுழாய் வழியே கருப்பையில் நேரே விந்தைச் செலுத்தும் முறை பரவியது. அது தேர்ந்த கால்நடை மருத்துவர் மட்டுமே செய்தற்குரியது, செலவும் மிக்கது. வெள்ளாட்டின் கழுத்து இத்துணைக் கடினமன்று. ஆதலின் எம் கரையிலுள்ளார்க்கு இம்முறை வெள்ளாட்டிலேயே எளிதிற் கைகூடும்.

வேட்கை அறிதல்

கருவி எத்துணைச் சிறந்ததாயினும் காலம் தவறினால் பயனில்லை. வெள்ளாடு ஏறத்தாழ 21 நாட்களுக்கு ஒருமுறையும், செம்மறி 17 நாட்களுக்கு ஒருமுறையும் வேட்கை கொள்ளும். அந்நிலை ஒரு நாள் அல்லது ஒன்றரை நாளே நிற்கும். வெள்ளாட்டு மறி இடையறாது கத்தும், வாலை ஆட்டும், தீனியில் நாட்டம் குறையும், குறி சிவந்து வீங்கிக் கோழை வடியும். காலையில் இவை கண்டால் மாலையிலும், மாலையிற் கண்டால் மறுநாட் காலையிலும் சினைப்படுத்துதல் நன்று. செம்மறியோ கிடாய் அருகில் இல்லாவிடிற் குறி காட்டாது. அதற்கென வயிற்றின்கீழ் மறைதுணி கட்டிய கிடாயைப் பட்டியில் விட்டுப் பார்ப்பர்.

குளிர்நாடுகளிற் பகல் குறுகும் பருவத்திலேயே செம்மறி வேட்கை கொள்ளும். எம் நாட்டில் நெடும்பகலுக்கும் குறும்பகலுக்கும் வேறுபாடு ஏறக்குறைய ஒரு மணி நேரமே. ஆதலின் ஆண்டு முழுதும் ஆடு சினைப்படும். ஆயினும் தீனியே இங்கு பருவத்தை வகுக்கின்றது. சினைக்காலம் ஏறத்தாழ 150 நாட்கள். ஆவணித் தொடக்கத்திற் சினைப்படுத்தினால், பெருமழை தணிந்து தழை செழித்த தை மாதத்திற் குட்டி பிறக்கும். ஆனால் ஆவணி எமக்கு வறட்சிக் காலம். மூன்று கிழமை முன்பிருந்தே கிளிரிசிடியா, இப்பில் இப்பில் தழைகளும் சிறிது தேங்காய்ப் பிண்ணாக்கும் இட்டு மறிகளைத் தேற்றுதல் வேண்டும். மெலிந்த மறிக்கு எவ்விந்தும் பயன் தராது.

எம் மாவட்டத்தின் இனம்

நல்லினம் வெளிநாட்டிலேயே உண்டு என மயங்கற்க. எம் புத்தளம் மாவட்டத்துக் கொட்டுக்கச்சியப் பண்ணையில், இந்தியாவின் யமுனைக் கரையைச் சார்ந்த ஜமுனாபாரிக் கிடாய்களை உள்ளூர் மறிகளோடு கலந்து ஓர் இனம் உருவாக்கப்பட்டது. அவ்வூரின் பெயராலேயே அது கொட்டுக்கச்சிய ஆடு என வழங்குகின்றது. வறண்ட நிலத்தைத் தாங்கும் தாயும், பேருடல் கொண்ட தந்தையும் சேர்ந்ததே அதன் சிறப்பு. பெரிய இனத்தின் விந்தைச் சிறிய நாட்டு மறிக்கு இடுவோர், முதல் ஈற்றுக்குரிய இளமறியை விடுத்து முன்னர் ஈன்ற மறியையே தெரிதல் வேண்டும். இன்றேல் குட்டி சிக்கித் தாயையும் இழக்க நேரும்.

குறிப்பேடே மருந்து

இறுதியாக ஒன்று. எம் பழைய கிடாய் எம் பட்டியை மட்டுமே கெடுத்தது. ஒரே கிடாயின் விந்தைக் கணக்கின்றி ஓர் ஊர் முழுதும் பல ஆண்டுகள் இட்டால், அப்பிழை ஊர் முழுதும் பரவும். கருவி புதிதாயினும் கணக்கு பழையதே. ஆகவே சினைப்படுத்த வருபவரிடம் கிடாயின் எண்ணைக் கேட்டு எழுதுக. மறியின் அடையாளம், நாள், கிடாயின் எண், ஈன்ற நாள், குட்டியின் நிறை ஆகிய ஐந்தும் ஒரு வரியில் அடங்கும். 21ஆம் நாளில் மறி மீளவும் கத்துகின்றதா எனப் பார்த்து அதனையும் குறிக்க. மகள் மறிக்குத் தந்தையின் விந்து ஒருபோதும் ஆகாது.

எண்ணும் எழுத்தும் எமக்கு இக்கல்லூரி ஈந்தவை. அவற்றைத் தேர்வு மண்டபத்தோடு விட்டுவிடாது பட்டி வாயிலுக்கும் கொண்டு செல்வோமாயின், கடலோரத்து ஏழை வீடொன்றிற் குட்டி ஒன்று கூடுதலாய்ப் பிழைக்கும். யாம் காலந்தாழ்த்திக் கற்றதை இளைய மாணவர் காலத்தே கற்பாராக. வாழ்க எம் கல்லூரி!