படகை இழுக்கும் வண்டி எது?

ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும். வண்டியும் ஒருநாள் ஓடத்தில் ஏறும் என்பது நம்மவர் வாயில் வழங்கும் பழமொழி. வாழ்வின் ஏற்றத்தாழ்வைச் சுட்டுவதற்காக முன்னோர் சொன்ன இம்மொழி, இன்று சொல்லுக்குச் சொல் மெய்யாகி நிற்கின்றது. நம் உறவினர் பலர் குடியேறி வாழும் அவுஸ்திரேலியா, கனடா, பிரித்தானியா முதலிய நாடுகளில், விடுமுறை நாளில் வீட்டு முற்றத்திலிருந்து படகை ட்ரெயிலரில் ஏற்றி, மோட்டார் வண்டியின் பின்னே பூட்டிக் கடற்கரைக்குக் கொண்டுசெல்வது சாதாரணமான காட்சி. நம் நாட்டுக் கரைகளிலும் உழவு இயந்திரத்தைக் கொண்டு வள்ளத்தை மணலில் இழுத்தேற்றுவதைக் காண்கிறோம்.

படகு வாங்குவோர் படகைப் பலமுறை பார்த்துத் தெரிவு செய்கின்றனர். அதனை இழுக்கும் வண்டியைப்பற்றி எண்ணுவோர் குறைவு. "குதிரைவலு எத்தனை?" என்ற ஒரு வினாவோடு ஆராய்ச்சி முடிந்துவிடுகின்றது. இழுக்கும் வலு ஒன்றே போதுமானதா என்பதை ஆராய, முதலில் ஒரு பழைய வரலாற்றைக் காண்போம்.

1899 ஆம் ஆண்டு ஜனவரி 12 ஆம் திகதி. இங்கிலாந்தின் மேற்குக் கரையில் பெரும் புயல். 'ஃபொரெஸ்ற் ஹோல்' என்னும் பாய்க்கப்பல் பொலொக் குடாவில் ஆபத்தில் சிக்கித் தவித்தது. அண்மையிலுள்ள லின்மவுத் என்ற சிற்றூரில் 'லூயிசா' என்னும் உயிர்காப்புப் படகு இருந்தது. ஆனால் அங்கே அலையின் சீற்றத்தால் அதனைக் கடலில் இறக்க முடியவில்லை. படகின் தலைவரான ஜாக் குரொக்கொம் ஒரு துணிவான யோசனையைச் சொன்னார். படகை வண்டியிலேற்றி, மலையைக் கடந்து, பதின்மூன்று மைல் தொலைவிலுள்ள பொலொக் வியர் துறைக்குக் கொண்டுசென்று அங்கே இறக்கலாம் என்பதே அது.

ஊரவர் ஏறக்குறைய நூறு பேரும், இருபதளவான குதிரைகளும் சேர்ந்து அப்படகை இரவோடிரவாக இழுத்தனர். நான்கடிக்கு ஓரடி உயரும் கவுண்டிஸ்பெரிக் குன்றில் மழையிலும் காற்றிலும் ஏற்றினர். வழியில் வண்டியின் சக்கரமொன்று கழன்றது. ஓரிடத்தில் ஒழுங்கை மிக ஒடுங்கியிருந்தமையால் படகை வண்டியிலிருந்து இறக்கி, மரச்சட்டங்களின்மேல் நகர்த்திச் சென்றனர். எல்லாவற்றிலும் கொடியது பொலொக் மலையின் இறக்கம். அங்கே இழுப்பதற்கு ஆள் வேண்டியிருக்கவில்லை. பிடித்து நிறுத்துவதற்கே ஆள் வேண்டியிருந்தது. குதிரைகளும் மனிதரும் கயிற்றைப் பின்னோக்கி இழுத்துப் பிடித்தபடி அப்பாரத்தை அங்குலம் அங்குலமாகக் கீழே இறக்கினர். மறுநாட் காலையில் படகு கடலில் இறங்கியது. கப்பலிலிருந்த பதினெட்டுப் பேரும் உயிர் தப்பினர்.

படகிழுக்கும் வண்டியைத் தெரிவு செய்வோர் அறியவேண்டியவை அனைத்தும் இவ்வரலாற்றில் அடங்கியுள்ளன. பாரத்தின் அளவு, ஏற்றம், இறக்கம், சக்கரத்தின் உறுதி, வழியின் அகலம் ஆகிய ஐந்தையும் அன்று அவர்கள் தோளாற் கற்றார்கள். நாம் அவற்றைக் கணக்காற் கற்கலாம்.

முதலாவது, பாரத்தைச் சரியாக அறிதல். விற்பனைத் தாளில் அச்சிடப்பட்டிருப்பது பெரும்பாலும் வெறும் படகின் நிறை. ஓர் உதாரணம் கொள்வோம். படகின் உடல் 750 கிலோகிராம். வெளியிணைப்பு இயந்திரம் 170. நூறு லீற்றர் பெற்றோல் ஏறக்குறைய 75. நங்கூரம், கயிறு, மின்கலம், மிதப்பு அங்கிகள், பனிக்கட்டிப் பெட்டி, குடிதண்ணீர் முதலியன 125. ட்ரெயிலர் 450. கூட்டிப் பார்த்தால் 1570; அதாவது ஏறக்குறைய 1600 கிலோகிராம். எழுநூற்றைம்பது என்று நம்பி வண்டி வாங்கியவர் அதன் இரண்டு மடங்கைத் தெருவில் இழுக்கின்றார்! மென்மையான மயிலிறகேயாயினும் அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் அச்சு முறியும் என்று வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் எச்சரித்தது இத்தகையோரை நோக்கியே போலும். ஐயமுள்ளோர், எல்லாப் பொருள்களையும் ஏற்றியபின் நிறைபாலத்தில் ஒருமுறை நிறுத்துப் பார்த்துவிடுதல் நன்று.

இரண்டாவது, வண்டியின் எல்லைகளை அறிதல். தயாரித்தவர்கள் ஒவ்வொரு வாகனத்திற்கும் இழுவை எல்லையொன்றைக் குறித்துள்ளனர். அதிலும் பிறேக் பொருத்திய ட்ரெயிலருக்கு ஓர் எல்லை, பிறேக் இல்லாததற்கு மிகக் குறைந்த வேறோர் எல்லை என இரண்டுண்டு. இவற்றுக்கு மேலாக, வாகனமும் ட்ரெயிலரும் சேர்ந்த மொத்த நிறைக்கும் ஓர் எல்லை உண்டு. பலர் தவறுவது இவ்விடத்திலேயே. ஒரு வாகனம் ஆட்களோடும் சாமான்களோடும் 2600 கிலோகிராம் வரை இருக்கலாம். 2500 வரை இழுக்கலாம். ஆனால் இரண்டும் சேர்ந்து 4600ஐத் தாண்டலாகாது என்று வைத்துக்கொள்வோம். முதலிரண்டையும் கூட்டினால் 5100 வருகின்றதல்லவா? எனவே, முழுப் பாரத்தை இழுக்க வேண்டுமாயின் வண்டிக்குள் 500 கிலோகிராமைக் குறைத்தாக வேண்டும். பெற்றோரும் பிள்ளைகளும் பாட்டியும் மூட்டை முடிச்சுகளோடு புறப்படும் குடும்பத்திற்கு இது சிறிய விடயமன்று.

ட்ரெயிலரின் முன்முனை வாகனத்தின் பின்னுள்ள இணைப்புக் குண்டின்மேல் அழுத்தும் நிறையையும் மறக்கலாகாது. பொதுவாக, இழுக்கப்படும் நிறையில் பத்தில் ஒரு பங்கு அவ்வாறு அழுத்துதல் நன்றென்பர். படகு ட்ரெயிலர்களில் இது சற்றுக் குறைவாகவும் இருக்கும். நம் உதாரணத்தில் பத்திலொரு பங்கு 160 கிலோகிராம். வளர்ந்தவர் இருவர் வண்டியின் பின்விளிம்பில் எந்நேரமும் ஏறி நிற்பதற்கு அது சமம். இப்பாரமும் வண்டி சுமக்கும் பாரக் கணக்கிற் சேரும்.

மூன்றாவது, நிறுத்தும் வலு. வாகனம் 2000 கிலோகிராம். பின்னால் வருவது 1600. ட்ரெயிலருக்குத் தனிப் பிறேக் இல்லையாயின், 3600 கிலோகிராமையும் முன்னுள்ள வண்டியின் நான்கு சக்கரங்களே நிறுத்தவேண்டும். தடுக்கும் விசை மாறாதிருக்க, திணிவு 1.8 மடங்காகும்போது நின்றுவிட எடுக்கும் தூரமும் 1.8 மடங்காகும். வேகம் இரட்டித்தாலோ இயக்கசக்தி நான்கு மடங்காகும். மாணவர் பௌதிகப் பாடத்திற் படிக்கும் இச்சமன்பாடு தெருவில் உயிரைக் காக்கும், அல்லது பறிக்கும். இதனாலேயே பல நாடுகள் சட்டம் வகுத்துள்ளன. பிரித்தானியாவில் பிறேக் இல்லாத ட்ரெயிலர் 750 கிலோகிராமையோ, இழுக்கும் வண்டியின் வெறும் நிறையிற் பாதியையோ, இரண்டில் எது குறைவோ அதனைத் தாண்டலாகாது. அவுஸ்திரேலியாவிலும் 750 கிலோகிராமுக்கு மேற்பட்ட ட்ரெயிலருக்குப் பிறேக் வேண்டும். 2000 கிலோகிராமைத் தாண்டினால் எல்லாச் சக்கரங்களுக்கும் பிறேக் வேண்டும் என்பதோடு, ட்ரெயிலர் கழன்றுபோனால் தானே பிடித்து நிறுத்தும் பொறியும் இருத்தல் வேண்டும். இறக்கத்தில் பிறேக்கை மட்டும் நம்பாது, தாழ்ந்த கியரிற் செல்லுதலும் இன்றியமையாதது.

நான்காவது, துறையின் சாய்தளம். படகை நீரிலிறக்கும் சாய்தளம் எட்டடிக்கு ஓரடி என்ற அளவிற் சரிந்திருப்பது வழக்கம். மாலையில் படகை மீண்டும் ஏற்றிக்கொண்டு மேலே வரும்போது, 3600 கிலோகிராமில் எட்டிலொரு பங்கு, அதாவது 450 கிலோகிராம் நிறைக்குச் சமமான விசை மேல்நோக்கி வேண்டும். இயந்திரத்திற்கு அது எளிது, ரயருக்கு எளிதன்று. பாசி படிந்த ஈரத்தளத்தில் உராய்வுக் குணகம் 0.3 என்று கொள்வோம். இரு சக்கரங்களால் மட்டும் உந்தப்படும் வண்டியில் அச்சக்கரங்களின்மேல் நிற்கும் நிறை ஏறக்குறைய 1000 கிலோகிராம். கிடைக்கும் பிடி 300 மட்டுமே. வேண்டியதோ 450. சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். வண்டி நீரை நோக்கி வழுக்கத் தொடங்கும். நான்கு சக்கரங்களும் உந்துமாயின் 600 கிடைக்கும், வண்டி ஏறிவிடும். முன்சக்கரத்தால் உந்தப்படும் சிறு காருக்கு இன்னுமொரு குறையுண்டு. ஏற்றத்திலும், பின்னே அழுத்தும் பாரத்தினாலும், அதன் முன்பக்கம் இலேசாகி உள்ள பிடியும் குறையும். ஆகவே சாய்தளத்தில் அடிக்கடி இழுப்போருக்கு நான்கு சக்கர உந்தல் ஆடம்பரமன்று, தேவை. அவ்வேளையில் சாரதியைத் தவிர ஏனையோர் வண்டியிலிருந்து இறங்கி நிற்பதே அறிவுடைமை.

மணற்கரையானால் நிலைமை வேறு. அங்கே சிறிய ரயர் புதையும். அகன்ற பெரிய சக்கரமும் மெதுவான, வலிய இழுப்பும் கொண்ட உழவு இயந்திரமே ஏற்றது. பிரித்தானியாவின் உயிர்காப்புப் படகு நிறுவனம், கடற்கரையிலிருந்து இறக்கும் தன் பெரும் படகுகளுக்குப் பட்டைச் சக்கரம் பூட்டிய பிரத்தியேக இழுவை இயந்திரங்களை இன்றும் பயன்படுத்துவதன் காரணமும் இதுவே. வேகம் அங்கே பொருட்டன்று, பிடியே பொருட்டு.

ஐந்தாவது, தெருவில் ஆடாமை. வெளியிணைப்பு இயந்திரம் படகின் பின்முனையில் இருப்பதால் ட்ரெயிலரின் பாரம் பின்னோக்கிச் சாய எளிதில் இடமுண்டு. பின்பாரம் மிகுந்த ட்ரெயிலர், வேகமேறியதும் மீன்வாலைப்போல் இருமருங்கும் அடிக்கத் தொடங்கும். அந்த ஆட்டம் முற்றினால் முன்னுள்ள வண்டியையே புரட்டிவிடும். முன் பின் சக்கரங்களுக்கிடையே தூரம் மிகுந்ததும், தானே கனமானதுமான வாகனம் இவ்வாட்டத்தை நன்கு தாங்கும். குட்டையான இலேசான வண்டி தாங்காது. ஆட்டம் தொடங்கிவிட்டால் சுக்கானை வெட்டித் திருப்பவோ, பிறேக்கைத் திடீரென மிதிக்கவோ கூடாது. அமுக்கியிலிருந்து காலை எடுத்து, சுக்கானை நேராகப் பிடித்து, வேகம் தானே தணியவிடல் வேண்டும்.

இயந்திரத்தைப்பற்றியும் இரண்டொரு சொல். உச்ச வேகத்திற் காட்டும் குதிரைவலுவைவிட, மெதுவான சுழற்சியிலேயே கிடைக்கும் முறுக்குவிசையே இழுவைக்கு உதவுவது. டீசல் இயந்திரங்கள் இதனாற்றான் விரும்பப்படுகின்றன. தானியங்கிக் கியருள்ள வண்டியில் கியர் எண்ணெய் சூடேறாதிருக்கத் தனிக் குளிராக்கி உண்டா என்று பார்த்தல் வேண்டும். மின்சார வாகனங்கள் நின்ற நிலையிலிருந்தே நல்ல முறுக்குவிசை தருவன. எனினும், பெரிய ட்ரெயிலரை இழுக்கும்போது ஒரு மின்னேற்றத்திற் செல்லும் தூரம் பாதியளவுக்குக் குறைந்துவிடலாம் என்பதை எண்ணியே வாங்கவேண்டும்.

சக்கரங்களின் நலத்தையும் ஒரு சொல்லாற் குறிப்பிடுவோம். நெடுவழி ஓடிச் சூடேறிய சக்கரக்குடத்தை உடனே குளிர்நீரில் அமிழ்த்தினால், உள்ளிருக்கும் காற்று சுருங்கி உப்புநீரை உள்ளே உறிஞ்சும். கொழுப்பு கெட்டுக் குண்டுப்போதிகை துருப்பிடிக்கும். துறையை அடைந்ததும் சிறிதுநேரம் ஆறவிடுதலும், வீடு திரும்பியதும் நன்னீரால் கழுவுதலும் செலவில்லாத காப்பு.

இறுதியாக, குடும்பத் தலைவர் தம்மைத் தாமே கேட்கவேண்டிய வினாவொன்றுண்டு. ஆண்டில் எத்தனை நாள் இப்படகை இழுக்கப் போகின்றோம்? நான்கைந்து நாள் என்றால், அதற்காகப் பெரிய வாகனமொன்றை வாங்கி, ஆண்டு முழுவதும் பள்ளிக்கும் சந்தைக்கும் அதன் எரிபொருட் செலவைச் சுமப்பதில் நியாயமில்லை. அந்நாட்களுக்கு மட்டும் தக்க வண்டியொன்றை வாடகைக்கு அமர்த்தலாம். படகைத் துறையிலேயே விட்டுவைக்க இடம் தேடலாம். அன்றி, உள்ள வண்டி இழுக்கக்கூடிய சிறிய படகோடு மனநிறைவு கொள்ளலாம். வண்டிக்கேற்ற படகு என்பதும் தெரிவுதான். ஆனால் எதைத் தெரிந்தாலும், காசு கொடுக்கும் முன் கடதாசியும் பென்சிலும் எடுத்துப் பாரத்தைக் கூட்டிப் பாருங்கள். அந்தக் கூட்டலை வீட்டிலுள்ள மாணவரிடமே கொடுக்கலாம். பின்னாசனத்தில் அமர்ந்து வரப்போகின்றவர்களும் அவர்களே.