மான் தீவின் மலைப்பாதை: மோட்டார் சைக்கிள் வேகச் சாதனைகளும் வெற்றி வீரர்களும்

இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் இடையே, ஐரிஷ் கடலில், மான் என்னும் சிறு தீவு உளது. இப்பெயருக்கும் நம் காட்டில் துள்ளும் விலங்குக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. தனக்கெனச் சட்டமன்றம் உடைய இத்தீவில், 1907ஆம் ஆண்டு முதல், இரு உலகப் போர்க்காலங்களிலும் வேறு சில ஆண்டுகளிலும் தவிர, மோட்டார் சைக்கிள் பந்தயம் இடையறாது நடந்து வருகின்றது. வேகச் சாதனையின் வரலாற்றை ஒரே பாதையில், நூறாண்டுக்கு மேலாக, ஒரே அளவுகோலால் அளந்து காண விரும்புவோர்க்கு இதனினும் சிறந்த இடம் வேறில்லை எனலாம்.

பந்தயம் அங்கே சென்றதற்குக் காரணம் ஒரு சட்டம். அக்காலத்துப் பிரிட்டனில் பொதுச் சாலையில் மணிக்கு 20 மைலுக்கு மேல் ஓட்டுதல் குற்றம். பந்தயத்துக்காகச் சாலையை மூடவும் இயலாது. மான் தீவின் டின்வால்ட் மன்றமோ 1904ஆம் ஆண்டிலேயே சாலைகளை மூட அனுமதிக்கும் சட்டத்தை இயற்றியது. மூன்றாண்டுகளுக்குப் பின் 'டூரிஸ்ட் டிராபி' என்னும் பந்தயம் தோன்றிற்று. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'யாத்திரிகர் கோப்பை' என்றாகும், பொருள் புலப்படாது. சாதாரண மனிதர் ஊர் சுற்றிவரப் பயன்படுத்தும் வண்டிகளுக்கான பந்தயம் என்பதே அப்பெயரின் கருத்து. முதற் பந்தயத்தில் கலந்துகொண்ட வண்டிகளுக்கு இருக்கை, மட்கார்டு, சைலன்சர் ஆகியவை இருத்தல் வேண்டும் என்றும், ஒரு சிலிண்டர் உடையவை ஒரு காலன் பெட்ரோலில் 90 மைலும் இரு சிலிண்டர் உடையவை 75 மைலும் ஓடும் கணக்கிலேயே எண்ணெய் வழங்கப்படும் என்றும் விதி இருந்தது. ஒற்றைச் சிலிண்டர் வகுப்பில் மாட்ச்லெஸ் வண்டியில் சார்லி காலியர் சராசரி 38.21 மைல் வேகத்தில் வென்றார். இரட்டைச் சிலிண்டர் வகுப்பில் வென்றவர் நார்ட்டன் வண்டியை ஓட்டிய ரெம் பௌலர்.

1911ஆம் ஆண்டில் பந்தயம் மலைப்பாதைக்கு மாறிற்று. தலைநகராகிய டக்ளஸில் தொடங்கும் இப்பாதை, கிராமங்களின் கடைவீதிகள் ஊடே சென்று, ராம்சே என்னும் ஊரை அடைந்து, அங்கிருந்து ஸ்நேபெல் மலையின் தோள்மீது ஏறி, மீண்டும் டக்ளஸுக்கு இறங்குகிறது. ஒரு சுற்றின் நீளம் 37.73 மைல், அதாவது ஏறக்குறைய 60.7 கிலோமீட்டர். வளைவுகள் 200க்கும் மேற்பட்டவை. அன்று மலைச்சாலை செப்பனிடப்படாத மண்தடம். கால்நடைகள் வழிதவறாதிருக்கக் குறுக்கே கதவுகள்கூட இருந்தன. இம்மலையே அன்றைய வண்டிகளுக்குத் தேர்வாயிற்று. தோல் வாரினால் சக்கரத்தைச் சுழற்றிய வண்டிகள் ஏற்றத்தில் திணறின. மழையில் வார் வழுக்கிற்று. சங்கிலியும் இரு வேகக் கியரும் பொருத்திய அமெரிக்க 'இண்டியன்' வண்டிகள் சீனியர் பந்தயத்தின் முதல் மூன்று இடங்களையும் கைப்பற்றின. ஆனால் மிக வேகமான சுற்று அவற்றின் பங்கில் இல்லை. மணிக்கு 50.11 மைல் வேகத்தில் அதனை ஓட்டியவர், ஸ்காட் என்னும் வண்டியைச் செலுத்திய பிராங்க் பிலிப் ஆவார்.

வாசகர்கள் இந்த இடத்தைச் சற்றே நினைவில் இருத்துக. வென்றவர் ஒருவர், அதிவேகமாக ஓடியவர் மற்றொருவர்: இவ்விரட்டை வரலாறு மலைப்பாதையின் முதலாண்டிலேயே தொடங்கிவிட்டது.

இதற்கு ஜிம்மி சிம்ப்சன் என்பாரினும் தெளிவான சான்று இல்லை. மலைப்பாதையில் மணிக்கு 60 மைலைக் கடந்த முதல் மனிதர் அவரே, அது 1924இல். 1926இல் 70 மைலையும், 1931இல் 80 மைலையும் முதன்முதலாகக் கடந்தவரும் அவரே. மூன்று முறையும் வெற்றி வேறொருவர்க்குப் போயிற்று. யந்திரத்தை அதன் எல்லைவரை முடுக்குபவர் அவர். அக்காலத்து யந்திரமோ அத்தகைய முடுக்கத்தை இறுதிச் சுற்றுவரை பொறுப்பதில்லை. 1934இல், ரட்ஜ் வண்டியில், சிறு யந்திரங்களுக்கான வகுப்பில் ஒரே ஒரு முறை வென்று, அவ்வாண்டோடு ஓய்வு பெற்றார். இன்று அத்தீவில் மிக வேகமான சுற்றை ஓட்டுபவர்க்கு வழங்கப்பெறும் கோப்பை சிம்ப்சனின் பெயரையே தாங்கியுள்ளது.

வேகமும் வெற்றியும் பிரிந்து நிற்பதற்கு இப்பந்தயத்தின் அமைப்பும் ஒரு காரணம். ஓட்டுபவர் அனைவரும் ஒருங்கே புறப்படுவதில்லை. குறித்த இடைவெளியில் ஒருவர்பின் ஒருவராக அனுப்பப்படுகின்றனர். எனவே எதிரி கண்ணெதிரே இருப்பதில்லை. முதலில் கோட்டைக் கடந்தவர் வென்றவரும் அல்லர். கடிகாரமே தீர்ப்புக் கூற வேண்டும்.

1935ஆம் ஆண்டுச் சீனியர் பந்தயத்தில் இதன் விளைவு உலகறிய வெளிப்பட்டது. முந்திய நான்காண்டுகளிலும் நார்ட்டன் கம்பெனியே இப்பந்தயத்தில் வென்றிருந்தது. அதன் முதல் வீரர் ஜிம்மி குத்ரி. அவருக்கு எதிராக, முன்னர் நார்ட்டன் குழுவிலேயே இருந்த அயர்லாந்துக்காரர் ஸ்டான்லி உட்ஸ், இத்தாலியின் மோட்டோ குஸ்ஸி வண்டியில் வந்தார். குத்ரி முதல் ஆளாகப் புறப்பட்டார். உட்ஸ் புறப்பட்டது பதினான்கரை நிமிடங்களுக்குப் பின்னர். இறுதிச் சுற்று தொடங்குகையில் குத்ரி 26 வினாடி முன்னே இருந்தார். உட்ஸின் நிலையத்தில் பெட்ரோல் நிரப்ப ஆட்கள் ஆயத்தமாக நின்றனர். அதனைக் கண்ட நார்ட்டன் குழுவினர், எதிரி நின்றுதான் ஆகவேண்டும் என முடிவு செய்து, வண்டியை வருத்த வேண்டாம் எனக் குத்ரிக்குச் சைகை காட்டினர். உட்ஸோ நிற்கவில்லை. தலையைத் தாழ்த்திக்கொண்டு நிலையத்தைக் கடந்து போய்விட்டார். நார்ட்டன் குழுவினர் உண்மையை உணர்ந்தபோது காலம் கடந்துவிட்டது. குத்ரி ஓட்டத்தை முடித்து, வென்றவர் என வாழ்த்துக்களையும் பெற்றுக்கொண்டிருந்தார். உட்ஸ் வந்து சேர்ந்ததும் கணக்கிட்டுப் பார்த்தனர். ஏழு சுற்று, 264 மைல் ஓடிய பின் இருவர்க்கும் இடையே இருந்த வேறுபாடு 4 வினாடி, வெற்றி உட்ஸுக்கு. இறுதிச் சுற்றில் அவர் மணிக்கு 86.53 மைல் வேகத்தில் புதிய சாதனையும் நிகழ்த்தியிருந்தார்.

தந்திரம் மட்டுமே வென்றது எனக் கருதுதல் தவறு. குஸ்ஸி வண்டியின் பின்சக்கரத்துக்கு ஸ்பிரிங் இருந்தது. நார்ட்டன் வண்டியின் பின்சக்கரமோ சட்டத்தோடு இறுகப் பிணைக்கப்பட்டது. கரடுமுரடான சாலையில் இறுகிய சக்கரம் துள்ளுகிறது. தரையை விட்டு எழும்பிய சக்கரம், எஞ்சின் எத்துணை வலிமையுடையதாயினும், வண்டியைத் தள்ளாது; தடையும் பிடிக்காது. பின் ஸ்பிரிங் வண்டியை வளைவில் நிலைகுலையச் செய்யும் என்று அன்று பலரும் எண்ணியிருந்தனர். அவ்வெண்ணம் அன்றோடு தளர்ந்தது. 1950இல் நார்ட்டன் கம்பெனியே, பெல்பாஸ்ட் நகரத்து ரெக்ஸ் மக்கேண்ட்லெஸ் அமைத்துக் கொடுத்த, ஸ்பிரிங்குடன் கூடிய புதிய சட்டத்தைப் பயன்படுத்திற்று. அச்சட்டத்துக்கு 'இறகு மெத்தை' என்று பெயர் வழங்கலாயிற்று. நான்கு சிலிண்டர் இத்தாலிய யந்திரங்களைவிட ஆற்றல் குறைந்த ஒற்றைச் சிலிண்டரைக் கொண்டே ஜெப் டியூக் அவ்வாண்டு மணிக்கு 93.33 மைல் வேகத்தில் ஓடி, சாதனையும் படைத்து, சீனியர் பந்தயத்திலும் வென்றார்.

அதே டியூக், 1955இல், ஜிலேரா என்னும் நான்கு சிலிண்டர் வண்டியில் ஒரு சுற்றை ஓடியபோது, மணிக்கு 100 மைல் எட்டப்பட்டது என ஒலிபெருக்கி முழங்கிற்று. பின்னர் கணக்குத் திருத்தப்பட்டு 99.97 மைல் என அறிவிக்கப்பட்டது. குறைந்தது அரை வினாடியினும் சிறிய காலம். ஈராண்டுகளுக்குப் பின், 1957ஆம் ஆண்டுப் பொன்விழாப் பந்தயத்தில், ஸ்காட்லாந்தின் பாப் மெக்கின்டயர் அதே ஜிலேரா வகையில் 101.12 மைல் வேகத்தை எட்டி, எட்டுச் சுற்றுப் பந்தயத்தையும் வென்றார். மூன்று மணி நேரத்துக்கும் மேலாக அவர் வண்டியின்மீது இருந்தார்.

வகுப்பில் மாணவர்க்குக் கொடுத்துப் பார்க்கத் தக்க கணக்கு ஒன்று இங்கே உண்டு. மணிக்கு 60 மைல் வேகத்தில் ஓடுபவர் 61 மைலுக்கு உயர்ந்தால், மலைப்பாதையின் ஒரு சுற்றில் 37 வினாடி மிச்சமாகும். 135 மைலிலிருந்து 136 மைலுக்கு உயர்ந்தாலோ மிச்சமாவது 7 வினாடியே. உயர்த்தியது இரண்டிலும் ஒரு மைல்தான். காற்றின் தடையை வெல்ல வேண்டிய ஆற்றலோ வேகத்தின் மும்மடிக்கு ஏற்பப் பெருகும். 101ஐ 136 ஆக்க, தோராயமாக, ஆற்றல் இரண்டரை மடங்காதல் வேண்டும். 1957இன் ஜிலேரா ஏறக்குறைய 70 குதிரைத் திறன் உடையது, 2023இன் பி.எம்.டபிள்யூ 200க்கும் மேற்பட்டது. வளைவுகளும் ஏற்றங்களும் நிறைந்த பாதைக்கு இக்கணக்கு அப்படியே பொருந்தாதாயினும், செல்லும் திசையை அது காட்டுகிறது.

1967ஆம் ஆண்டுச் சீனியர் பந்தயத்தைப் பலரும் தலைசிறந்த பந்தயம் எனக் கூறுவர். ஹோண்டா வண்டியில் இங்கிலாந்தின் மைக் ஹேல்வுட், எம்.வி. அகுஸ்டா வண்டியில் இத்தாலியின் ஜியாகோமோ அகோஸ்டினி. இரண்டாம் சுற்றில் ஹேல்வுட் 108.77 மைல் வேகத்தை எட்டினார். எட்டாண்டுக் காலம் எவரும் அதனை முறியடிக்கவில்லை. அவரது வண்டியின் வலக்கைப்பிடி, எஞ்சினின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பிடி, கழன்று ஆடிற்று. பெட்ரோல் நிரப்ப நின்றபோது சுத்தியல் ஒன்றை வாங்கித் தட்டி இறுக்கிக்கொண்டு மீண்டும் ஓடினார். கடும் போட்டிக்கிடையே அகோஸ்டினியின் சங்கிலி அறுந்தது, வெற்றி ஹேல்வுடுக்கு. அவ்வாண்டோடு, பத்து வெற்றிகள் என்னும் உட்ஸின் நெடுநாளைய சாதனையும் அவரால் கடக்கப்பட்டது. பதினோராண்டு இடைவெளிக்குப் பின் 1978இல் திரும்பி வந்து டுகாட்டி வண்டியில் மீண்டும் வென்றார். மறு ஆண்டில் பதினான்காம் வெற்றியையும் பெற்றார்.

இங்கே மற்றொரு கணக்கையும் மறைத்தல் கூடாது. மலைப்பாதையில் இதுவரை உயிர் நீத்த ஓட்டுநர் 260க்கும் மேற்பட்டோர். ஓரத்தில் மணற்பரப்பு இல்லை; இருப்பவை கற்சுவர்கள், வீட்டு வாயில்கள், கம்பங்கள். 1914ஆம் ஆண்டிலேயே தலைக்கவசம் கட்டாயமாக்கப்பட்டது. புரூக்லண்ட்ஸ் ஓட்டப்பாதையின் மருத்துவர் எரிக் கார்ட்னர், தலையில் அடிபட்டு வருவோரை அடிக்கடி கண்டு, துணியை அரக்கினால் இறுக்கிச் செய்வித்த கவசம் அது. நம் களப்பணியாளர் அன்றாடம் அணியும் தலைக்கவசத்தின் முன்னோர்களுள் அதுவும் ஒன்று. 1972இல் தம் நண்பர் கில்பெர்ட்டோ பார்லோட்டி மழையில் விழுந்து இறந்தபின், அகோஸ்டினி, பத்து வெற்றிகள் பெற்ற அத்தீவில் இனி ஓடுவதில்லை என்று விலகினார். வேறு முன்னணி வீரரும் விலகவே, 1976ஆம் ஆண்டோடு இப்பந்தயம் உலகச் சாம்பியன் போட்டியிலிருந்து நீக்கப்பட்டது.

நீங்கியபின்னும் பந்தயம் நின்றுவிடவில்லை. வட அயர்லாந்தின் ஜோயி டன்லப் 1977இல் முதல் வெற்றியைப் பெற்று, 2000ஆம் ஆண்டில், 48 வயதில், ஒரே வாரத்தில் மூன்று முறை வென்று, 26 என்னும் எண்ணை எட்டினார். அடுத்த மாதமே எஸ்டோனியாவின் தாலின் நகரில், சிறு யந்திரப் பந்தயம் ஒன்றில், மாண்டார். அவர் தம்பி ராபர்ட் 2008இல் வட அயர்லாந்துப் பந்தயம் ஒன்றின் பயிற்சியில் இறந்தார். இரண்டு நாட்கள் கழித்து அதே பாதையில் ராபர்ட்டின் மகன் மைக்கேல் ஓடி வென்றார். தந்தையை இழந்த இளைஞனை ஓட விட்டது சரியோ என்னும் கேள்வி இதை எழுதுவோனுக்கு இன்றும் தீரவில்லை. 2016இல் மலைப்பாதையை 17 நிமிடத்துக்குள் சுற்றிய முதல் மனிதர் அதே மைக்கேல் டன்லப்தான். 2024இல் பெரிய யந்திரப் பந்தயத்தில் முன்னணியில் இருந்தபோது, கவசத்தின் முகக்கண்ணாடி சரியாகப் பொருந்தாமையால் வழியில் நின்று சீர்செய்ய நேர்ந்தது. வெற்றி பீட்டர் ஹிக்மனுக்குப் போயிற்று. ஆயினும் அவ்வாண்டிலும் 2025இலும் சிறிய, நடுத்தர யந்திர வகுப்புக்களில் எட்டு முறை வென்று, பெரிய தந்தையாரின் எண்ணைக் கடந்து, 33 வெற்றிகளுடன் முதலிடத்தில் உள்ளார்.

சுற்றுச் சாதனையோ அவருடையது அன்று. 2007ஆம் ஆண்டு நூற்றாண்டு விழாவில் ஜான் மக்கின்னஸ் 130 மைலை முதன்முதலாகக் கடந்தார். 2018இல் ஹிக்மன் 135.452 மைலை எட்டினார். 2019இல் பெட்ரோலே இல்லாத மின்சார வண்டியொன்று, மைக்கேல் ரட்டரின் கையில், 121.91 மைல் வேகத்தில் ஓசையின்றிச் சுற்றி வந்தது. 2023 ஜூன் மாதத்தில் ஹிக்மன் தம் சாதனையைத் தாமே உயர்த்தி, 16 நிமிடம் 36.115 வினாடியில் ஒரு சுற்றை முடித்தார். அது மணிக்கு 136.358 மைல், அதாவது 219 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். 2025 முடிய இதனை எவரும் முறியடிக்கவில்லை. அன்று அவர் ஓட்டியது பந்தயத்துக்கென்றே தனியே வடிக்கப்பட்ட யந்திரம் அன்று. கடையில் விற்கும் வண்டியைச் சிறு மாற்றங்களுடன் மட்டுமே பயன்படுத்த அனுமதிக்கும் வகுப்பில், சாலைக்குரிய டயர்களுடன், அச்சாதனை நிகழ்ந்தது.