பறக்க விடுவதா, பாதுகாத்து வைப்பதா?

இரண்டாம் உலகப் போரில் பறந்த விமானமொன்று இன்று கிடைத்தால் அதை என்ன செய்வது? பழுது பார்த்து மீண்டும் வானில் பறக்க விடுவதா? கிடைத்த நிலையிலேயே கை வைக்காமல் பாதுகாப்பதா? மேலை நாடுகளில் நெடுங்காலமாக நடந்து வரும் விவாதம் இது.

நோர்வே நாட்டு ஏரிகளிலிருந்து எடுக்கப்பட்ட இரண்டு ஹலிபெக்ஸ் குண்டுவீச்சு விமானங்களை முதலில் பார்ப்போம். 1942 ஏப்ரலில் ஜேர்மனியின் திர்பிட்ஸ் போர்க்கப்பலைத் தாக்கச் சென்ற விமானம் ஒன்று சுடப்பட்டு, உறைந்திருந்த ஏரியின் மீது இறங்கியது. உள்ளே இருந்தவர்கள் உயிர் தப்பினார்கள். பின்னர் பனிக்கட்டி உடைந்து விமானம் மூழ்கியது. 1973 இல் வெளியே எடுக்கப்பட்ட அது, இலண்டனிலுள்ள ரோயல் விமானப்படை நூதனசாலையில் பெரும்பாலும் எடுத்த நிலையிலேயே, துருவும் சிதைவுமாக இருக்கிறது.

மற்றையது 1945 ஏப்ரலில் வீழ்த்தப்பட்டது. அதிலிருந்தவர்களில் ஒருவர் மட்டுமே பிழைத்தார். 1995 இல் மீட்கப்பட்ட அதைக் கனடாவுக்குக் கொண்டு சென்று, பத்து ஆண்டுகள் உழைத்துப் புதியது போல ஆக்கினார்கள். இரண்டும் ஒரே வகை விமானங்கள்தாம். ஒன்று போருக்குப் புறப்படும்போது விமானம் எப்படி இருந்தது என்று காட்டுகிறது. மற்றது போர் அதை என்ன செய்தது என்று காட்டுகிறது.

பறக்க விட வேண்டும் என்பவர்களிடமும் நியாயம் உண்டு. மொத்தம் 7,377 லங்காஸ்டர் விமானங்கள் கட்டப்பட்டன. இன்று பறப்பவை இரண்டே இரண்டு. ஒன்று பிரித்தானியாவில், மற்றது கனடாவில். 2014 இல் இரண்டும் பிரித்தானிய வானில் சேர்ந்து பறந்தன. நான்கு இயந்திரங்களின் ஓசையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க முடியாது என்கிறார்கள் இவர்கள். விமானம் பறந்தால்தான் அதைப் பழுது பார்க்கும் கைத்திறனும் அடுத்த தலைமுறைக்குப் போகும்.

ஆனால் பறப்பதற்கு ஒரு விலை இருக்கிறது. உலோகம் களைத்துப் போகும் பொருள். பறக்கப் பறக்கத் தேயும் பாகங்களை மாற்றியே ஆக வேண்டும். பிரித்தானியாவின் லங்காஸ்டருக்கு 1990களில் இறக்கையைத் தாங்கும் முதன்மைச் சட்டமே மாற்றப்பட்டது. இப்படி மாற்றிக்கொண்டே போனால், ஒருநாள் பெயர் மட்டும்தான் பழையதாக மிஞ்சும்.

உயிரும் விலையாகலாம். 2019 ஒக்டோபர் 2 ஆம் திகதி அமெரிக்காவில் பயணிகளை ஏற்றிப் பறந்த பீ-17 விமானம் ஒன்று விழுந்து 7 பேர் இறந்தார்கள். அதில் எழுதியிருந்த 'நைன் ஓ நைன்' என்ற பெயர் அதனுடையதல்ல. அந்தப் பெயருடைய உண்மையான விமானம் போருக்குப் பின் உடைக்கப்பட்டு விட்டது. விழுந்த விமானத்துக்கோ வேறொரு வரலாறு இருந்தது. 1952 இல் அணுகுண்டுச் சோதனைகளில் அதை நிறுத்தி வைத்திருந்தார்கள். அந்த வரலாறு இன்னொரு விமானத்தின் வர்ணத்துக்குள் மறைந்து போனது.

இதற்கு மாறாக, ஸ்மித்சோனியன் நூதனசாலையிடம் 'ஃபிளாக் பெய்ட்' என்ற விமானம் இருக்கிறது. 200க்கும் மேற்பட்ட தாக்குதல்களுக்குச் சென்று திரும்பியது அது. அதன் உடம்பில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஒட்டுகள் உள்ளன. அவற்றையும் பழைய வர்ணத்தையும் அழிக்காமல் காப்பதே அவர்களின் முடிவு.

இந்தக் கட்டுரைக்காகப் படித்ததை என் உம்மாவிடம் சொன்னேன். "அந்தச் சத்தத்தைக் கேக்கவா ஆக்கள் டிக்கட் எடுத்துப் போறாங்க?" என்று கேட்டார். சின்ன வயதில் ஹெலியின் சத்தம் கேட்டால் கட்டிலுக்குக் கீழே ஒளிந்தவர் அவர். மேலே பறந்தவரின் நினைவும் கீழே ஒளிந்தவரின் நினைவும் ஒன்றல்ல என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

என் முடிவு இதுதான். ஏற்கெனவே பலமுறை பழுது பார்க்கப்பட்டு, பழைய தடயம் அதிகம் மிஞ்சாத விமானங்கள் பறக்கட்டும். அதுவும் பயணிகள் இல்லாமல் பறக்கட்டும். போரின் காயம் அப்படியே பதிந்திருக்கும் விமானத்தில் யாரும் கை வைக்கக் கூடாது. அது ஒரு சாட்சி. சாட்சி சொன்னதைப் பின்னால் வருபவர்கள் அழகாகத் திருத்தி எழுதினால் அது சாட்சியமாக இருக்காது.